கார் குளிர்பதன வாயுக்கள்: ஆர்-12 முதல் ஆர்-1234ஒய்எஃப் வரை

கார் ஏசிக்குள் சுற்றிவரும் குளிர்பதன வாயு (பேச்சுவழக்கில் ‘ஏசி கேஸ்’) இதுவரை இரண்டு முறை பெரிய அளவில் மாறியுள்ளது. ஒவ்வொரு மாற்றமும் ஓர் ஆபத்தை நீக்கவே வந்தது. கூடவே வேறோர் ஆபத்தையும் புதிய செலவையும் கொண்டுவந்தது.

1920களின் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மெதில் குளோரைடு ஆகியவை இருந்தன. கசிந்தால் நச்சு, சிலவற்றில் தீயும் உண்டு. இவற்றுக்கு மாற்றாக அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு உருவாக்கியதே ஆர்-12. 1930 இல் வேதியியலாளர்கள் கூடிய அவையில் அவர் அவ்வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். எரியாது, நஞ்சில்லை என்பதற்கு அதைவிட எளிய நிரூபணம் இல்லை. 1940 ஆம் ஆண்டு மாடல் பேக்கார்ட் காரில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தித் தரப்பட்டது.

அந்த ‘பாதுகாப்பான’ வாயு வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974 இல் மோலினாவும் ரோலண்டும் எழுதினர். 1985 இல் அண்டார்டிகா மேல் ஓசோன் துளை இருப்பது அறிவிக்கப்பட்டது. 1987 இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1992 இல் இதில் சேர்ந்தது. அப்போது நம் நாட்டில் இவ்வகை வாயுக்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களுள் ஒன்றான கெம்பிளாஸ்ட் சன்மாரின் ஆலை மேட்டூரில் இருந்தது. பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களுக்கு அது அண்டை மாவட்டம்தான். 2003 முதல் புதிய கார் ஏசிகளில் ஆர்-12 பயன்படுத்தத் தடை வந்தது. 2008 ஆகஸ்டில், மருத்துவத் தேவை நீங்கலாக, உற்பத்தியே நின்றது.

அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, சாதாரண நிலையில் எரியாது. ஆனால் எண்ணெய் வேறு, நிரப்பும் வாய் வேறு. பழைய காரை மாற்றியமைக்க எண்ணெய், சீல்கள், ஈரம் உறிஞ்சும் டிரையர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. இவ்வளவு செய்த பிறகு புதிய குற்றச்சாட்டு எழுந்தது: ஒரு கிலோ ஆர்-134ஏ புவியைச் சூடாக்குவதில் ஏறக்குறைய 1,430 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் சட்டமியற்றி, இந்த எண் 150 ஐத் தாண்டும் வாயுக்களை 2017 முதல் எல்லாப் புதிய கார்களிலும் தடைசெய்தது.

ஹனிவெல்லும் டூபாண்ட்டும் முன்வைத்த ஆர்-1234ஒய்எஃப் இன் எண் 4 தான். ஆனால் அது மெல்ல எரியக்கூடியது. 2012 செப்டம்பரில் டைம்லர் நிறுவனம், மோதலுக்குப் பின் வாயுவும் கம்ப்ரசர் எண்ணெயும் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சும் நிலையை உருவாக்கிச் சோதித்தபோது தீப்பிடித்ததாக அறிவித்தது. எரியும்போது ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் உண்டாகிறது; தோலையும் நுரையீரலையும் அரிக்கும் கொடிய நஞ்சு அது. (ஆர்-134ஏ உம் தீயில் சிக்கினால் இதை வெளியிடும், அதைச் சொல்பவர்கள் குறைவு.) டைம்லர் பழைய வாயுவுக்கே திரும்பியது, பிரான்ஸ் 2013 இல் சில மெர்சிடிஸ் மாடல்களைப் பதிவுசெய்ய மறுத்தது. 2014 இல் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் பெரிய ஆபத்துக்கு ஆதாரமில்லை என்றது. பழைய வாயுவை அனுமதித்த ஜெர்மனிக்கு எதிராக 2018 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார்பன் டைஆக்சைடையே வாயுவாகப் பயன்படுத்தும் வழியும் உண்டு. அதற்கு 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் தாங்கும் குழாய்கள் வேண்டும்.

என் கருத்தில், சாலையில் ஓடும் காரைவிடப் பழுதுபார்க்கும் பணிமனையில்தான் கவலை அதிகம். புதிய வாயுவுக்குத் தனி மீட்பு இயந்திரம், கசிவு காட்டும் கருவி, காற்றோட்டம் எல்லாம் தேவை. காப்புரிமையால் வாயுவின் விலையும் ஆர்-134ஏ ஐவிடப் பல மடங்கு. பொம்மிடி, கடத்தூர் போன்ற ஊர்களின் சிறு பணிமனை இவ்வளவு முதலீட்டை எப்படித் திரும்ப எடுக்கும்?

விலை ஏறினால் போலிச் சரக்கு நுழையும். 2011 இல் கப்பல்களில் செல்லும் குளிர்ப் பெட்டகங்கள் வெடித்துத் துறைமுகத் தொழிலாளர்கள் இறந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் நிரப்பப்பட்ட வாயுவில் மெதில் குளோரைடு கலந்திருந்ததே காரணம். அது அலுமினியத்துடன் வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கும். மிட்ஜ்லி விரட்டிய பழைய வாயு எண்பது ஆண்டு கழித்துப் பின்வாசல் வழியாக வந்தது! மலிவுக்காகச் சமையல் எரிவாயு வகைக் கலவையைக் கார் ஏசியில் ஏற்றுவதும் இதைப் போன்ற விபரீதமே.

இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இன்னும் ஆர்-134ஏ தான் உள்ளது. 2016 இன் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021 இல் ஏற்றது. அதன்படி இவ்வகை வாயுக்களின் பயன்பாடு 2028 இல் உறையும். 2032 இல் 10 விழுக்காடு, 2047 இல் 85 விழுக்காடு குறைய வேண்டும்.

கோடைதோறும் ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று நிரப்புவோர் ஒன்றைக் கவனிக்கலாம். ஏசி மூடிய சுற்று. வாயு எரிபொருள்போல் செலவாவதில்லை. கணிசமாகக் குறைந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். அதை அடைக்காமல் நிரப்புவது, விலை குறைந்த வாயுவிலேயே வீண். ஆர்-1234ஒய்எஃப் இல் பெரும் நட்டம். பானெட்டைத் திறந்தால் உள்ள ஸ்டிக்கரில் வாயுவின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். மின்சாரக் கார் என்றால் எண்ணெயின் பெயரையும் பார்க்க வேண்டும். தவறான எண்ணெய் கம்ப்ரசரின் மின்காப்பைக் கெடுத்துவிடும்.