எட்டாமல் விழுந்த பந்து

அமெரிக்கக் கால்பந்தின் மிகப் புகழ்பெற்ற வீச்சு, உண்மையில் சரியாக வீசப்படாத ஒன்று. 1975 டிசம்பர் 28 அன்று, மினசோட்டா மாநிலத்தின் புளூமிங்டனில் நடந்த ஆட்டம். எறிந்தவர் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் ரோஜர் ஸ்டாபாக். பிடித்தவர் ட்ரூ பியர்சன். எறிந்தவரின் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தவரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நம்ம ஊரில் கால்பந்து என்றால் காலால் உதைப்பது. இது வேற. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், மோதுவார்கள், வீசுவார்கள். வீசுகிறவர் குவார்ட்டர்பேக். தூரத்தில் ஓடிப் பிடிக்கிறவர் வைட் ரிசீவர். 1906 வரை பந்தை முன்னோக்கி வீசவே அனுமதி இல்லை. மோதி மோதியே ஆடினார்கள். 1905இல் பல மாணவர்கள் செத்துப்போனார்கள். அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழக ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் பிறகுதான் விதி மாறியது. மாறியும் அரைமனசுதான்: வீசிய பந்து யார் மேலும் படாமல் தரையில் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அப்புறம் எவன் தூரமாக வீசுவான்?

தூர வீச்சு ஒரு கலையாக ஆனதில் கிரீன் பே அணியின் டான் ஹட்சனுக்குப் பெரிய பங்குண்டு. 1935 முதல் 1945 வரை ஆடி, 99 டச்டவுன்களைப் பிடித்தார். அந்தச் சாதனை 1989 வரை நின்றது. அவர் காலத்தில் பந்தும் மெலிந்துவிட்டது, வீச வாகாக.

தூர வீச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. பந்து கையை விட்டுக் கிளம்பும்போது, அது விழ வேண்டிய இடத்தில் யாருமே இல்லை. ரிசீவர் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கிறார். காற்று, தோளில் விழுந்த இடி, அரை நொடித் தாமதம் என ஏதாவது ஒன்று போதும், கணக்குத் தப்பிவிடும். எறிந்தவரால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. பிழையைத் திருத்தும் வேலை முழுக்க ஓடுகிறவர் தலையில். பேஸ்பால் வீரர்கள் உயரப் பந்தை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று சிவில் சாப்மன் என்ற இயற்பியலாளர் 1968இல் எழுதினார். பந்தைப் பார்க்கும் கோணத்தின் டேஞ்சன்ட் ஒரே வேகத்தில் கூடிக்கொண்டே போனால் சரியான இடத்துக்குத்தான் போகிறீர்கள். வேகம் கூடினால் பந்து தலைக்கு மேல் போய்விடும். குறைந்தால் முன்னாலேயே விழும். மூளை எங்கே விழும் என்று கணக்குப் போடுவதில்லை, இந்தக் கோணத்தைக் கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கட்டுப்பாட்டுப் பொறியியல் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். ஆனால் பேஸ்பால்காரர் பந்தைப் பார்த்து நிற்கிறார். ரிசீவரோ பந்துக்கு முதுகைக் காட்டி ஓடுகிறார். தோளுக்கு மேல் ஒரு பார்வை, அவ்வளவுதான். பக்கத்தில் ஒருத்தன் ஒட்டிக்கொண்டே வேறு வருவான்.

புளூமிங்டனுக்கு வருவோம். டல்லாஸ் 10–14 என்று பின்தங்கியிருந்தது. அரை நிமிடம்தான் மிச்சம். ஸ்டாபாக் காவலர் பால் கிராஸை ஏமாற்ற இடப்பக்கம் வீசுவதுபோல் பாவனை செய்து, வலப்பக்கம் எறிந்தார். பந்து எட்டவில்லை. பியர்சன் அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்துத் திரும்பினார். கூடவே ஓடிய நேட் ரைட் விழுந்தார். பியர்சன் தள்ளிவிட்டாரா என்பது பார்ப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்தது. கையில் பிடிபடாமல் நழுவிய பந்து, அவருடைய முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் சிக்கி நின்றது. அப்படியே நடந்து போய் டச்டவுன். 17–14.

சரியாக வீசப்பட்டிருந்தால் ரைட்டும் கூடவே போயிருப்பார். குறையை முதலில் கண்டவருக்கு அந்தக் குறையே வழிவிட்டது.

ஆட்டம் முடிந்து, கண்ணை மூடி 'ஹெயில் மேரி' சொன்னதாக ஸ்டாபாக் செய்தியாளர்களிடம் சொன்னார். கத்தோலிக்கர்களின் மரியன்னை ஜெபம் அது. அன்றிலிருந்து கடைசி நொடியில் எறியும் எல்லா வீச்சுக்கும் அதுதான் பெயர். பிடித்ததற்குப் பெயர் இல்லை. 1973இல் வந்த குவார்ட்டர்பேக் மதிப்பீட்டுச் சூத்திரத்துக்கும் பந்து எட்டியதா இல்லையா என்று தெரியாது. 50 யார்டும் டச்டவுனும் முழுசாக எறிந்தவர் கணக்கில் சேரும். வரைபடத்தில் பொறியாளர் கையெழுத்து இருக்கும், அளவு பிசகியதைத் தளத்தில் சரிக்கட்டிய வெல்டர் அண்ணன் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. அதே கதைதான்.

பியர்சன் பள்ளியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். வீசுகிறவனின் கை எங்கே தப்பும் என்று அறிந்தவர் என்றே நான் நினைக்கிறேன். 1973இல் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டன. டல்லாஸில் தானாகச் சேர்ந்தார். 1970களின் தசாப்த அணியில் முதல் வரிசையில் இடம்பெற்றார். ஆனாலும் மொத்தம் 489 பிடிகள் என்ற எண்ணிக்கை, பின்னால் வந்தவர்களின் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தது. எண்ணுக்கு எதிராக என்னத்தச் சொல்ல?

ஸ்டாபாக் 1985இல் புகழரங்கத்தில் சேர்க்கப்பட்டார். 2020இல் நூற்றாண்டுச் சிறப்புப் பட்டியல் வந்தபோது பியர்சன் கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பெயர் வரவில்லை, அழுதுவிட்டார். 2021இல் வந்தது. அந்த ஆகஸ்டில் ஓஹையோவின் கேண்டன் நகரில் அவரை அரங்குக்கு முன்மொழிந்து நின்றவர் ரோஜர் ஸ்டாபாக்.