புத்தளக் கரையும் பண்டப் பொறியும்

சிற்றூர்ச் சந்தையில் விற்போனும் கொள்வோனும் ஒருவரையொருவர் அறிவர். பண்டத்துக்கு அடையாளம் வேண்டுவதில்லை. பண்டம் கடல் கடந்ததும் அவ்வறிமுகம் அற்றுப்போகின்றது. அக்குறையை நிரப்ப எழுந்ததே பண்டத்தின்மீது பொறி இடும் வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதிப் பண்டங்களும் இறக்குமதிப் பண்டங்களும் சோழரின் புலிப்பொறி பெற்றே வெளிச்சென்றன என்பதைப் பட்டினப்பாலையால் அறிகின்றோம். இவ்வழக்கம் இன்று அடைந்துள்ள நிலை யாது, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றைப் புத்தளக் கரையின் வரலாற்றைத் துணைக்கொண்டு நோக்குவாம்.

1344இல் இபன் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டுப் பயணி, ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்த 'பத்தாலா' என்னும் ஊரில் வந்திறங்கினார். அது புத்தளமே என்பர் அறிஞர். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தன என்றும், மலையாளக் கரையினரும் மாபர் நாட்டினரும் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, கைம்மாறாக மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் கையுறையாக அளித்தனர் என்றும் அவர் எழுதியுள்ளார். அப்பண்டத்துக்கு உரிமைப்பொறி இல்லை, கணக்கும் இல்லை.

ஒல்லாந்தர் காலத்தில் இந்நிலை தலைகீழாயிற்று. கற்பிட்டியில் 1667 முதல் 1676 வரை கோட்டை கட்டிய அவர்கள், கறுவாவைத் தம் தனியுரிமை ஆக்கினர். உரிமையின்றி அதனை உரித்தோரும் விற்றோரும் மரண தண்டனைக்கு உள்ளாயினர். அவர்தம் கும்பனியின் மூவெழுத்துப் பொறி பீரங்கியிலும் நாணயத்திலும் விளங்கிற்று. பொறி இப்போது உடையவனின் உரிமையைக் காக்கும் காவலாயிற்று. உரித்த தொழிலாளிக்கு அது எவ்விதக் காப்பும் அளிக்கவில்லை என்பது கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் பொறி எழுத்தினின்று அலையாக மாறிற்று. இரண்டாம் உலகப் போரில் நட்பு வானூர்தியையும் பகை வானூர்தியையும் பிரித்தறிய உதவிய வானொலிக் கருவியே இதற்கு மூதாதை. தெறித்து மீளும் அலையால் செய்தி உணர்த்தும் முறையை 1948இல் ஹரி ஸ்ரொக்மன் என்பார் விளக்கினார். இன்று 'ஆர்.எவ்.ஐ.டி.' என வழங்கும் சீட்டு அவ்வழியில் வந்ததாகும். நுண்ணிய சில்லொன்றும் மெல்லிய அலைவாங்கியுமே அதன் உறுப்புகள். பெரும்பாலான சீட்டுகளில் மின்கலம் இல்லை. படிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே அவை ஆற்றல் பெற்றுத் தம் எண்ணை மறுமொழியாகக் கூறும். கோட்டுக் குறியைப் படிப்பதற்கு அது கருவியின் கண்முன் இருத்தல் வேண்டும். இச்சீட்டோ பெட்டிக்குள் மறைந்திருப்பினும் அறியப்படும். ஒரே வேளையில் பலவற்றைப் படித்தலும் கூடும். 2003இல் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம், தனக்குப் பண்டம் வழங்கும் முதல் நூறு நிறுவனங்களும் 2005 சனவரி முதல் இதனைக் கையாள வேண்டும் என அறிவித்தபின் இதன் புகழ் பரவிற்று. எனினும் உலோகம் அலையைத் தெறிக்கச் செய்யும். நீர் அதனை உறிஞ்சும். ஆகவே புத்தளத்து இறால் போலப் பனிக்கட்டியுள் வைக்கப்படும் பண்டங்களுக்கு இதனைப் பயன்படுத்துதல் எளிதன்று.

பண்டத்தின் வழியை அறிவியாமையால் வரும் கேட்டை இலங்கை மீனவர் நன்கு அறிவர். ஆழ்கடற் கலங்களின் இயக்கத்தை முறையாகக் கண்காணியாமை முதலிய காரணங்களால் 2015 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. கலங்களிற் செய்மதிவழிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016 யூனில் தடை நீங்கிற்று.

ஆயின், அறிதல் மட்டும் போதுமோ? 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அண்மையில் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலங்கள் இருந்தன. நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட குறியால் உலகின் எத்துறையிலும் கொள்கலம் ஒவ்வொன்றையும் இனங்காண இயலும். நைத்திரிக்கமிலம் ஒழுகிய கொள்கலத்தைத் தீப்பற்றுமுன்னரே மாலுமிகள் கண்டிருந்தனர். அதனை இறக்குதற்குக் கட்டாரின் ஹமாட் துறையும் இந்தியாவின் ஹசீரா துறையும் இடமளிக்கவில்லை. கப்பல் எரிந்து அமிழ்ந்தது. பிளாஸ்டிக் குறுமணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. புத்தளம் மாவட்டக் கரையும் தப்பவில்லை. 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பல் தரப்பினருக்குக் கட்டளையிட்டது.

அன்று வெள்ளம் கொணர்ந்த கறுவா பொறியின்றிக் கிடந்தது. கரைக்கு அதனால் கேடில்லை. இன்று கடல் கொணர்ந்த குறுமணியோ, குறியிட்ட கொள்கலத்தினின்று சிதறிப் பொறியற்றுக் கிடந்தது. வலைவீசி வாழ்வோரின் வாழ்வை அது தாக்கிற்று. பண்டம் எங்குள்ளது என்பதைச் சீட்டு கூறும். அப்பண்டத்தால் விளையும் தீங்குக்குப் பொறுப்பேற்போர் யாவர் என்பதை மனிதரே வகுத்தல் வேண்டும். புலிப்பொறி அரசனின் சுங்கத்தைக் காத்தது. கும்பனிப்பொறி வணிகரின் இலாபத்தைக் காத்தது. அலைப்பொறி கரைவாழ் மக்களையும் காக்குமாயின், அதுவே இப்புதுக்கலையின் உண்மையான பயனாகும்.