உடலுக்குள் ஒரு பெயரைத் தேடுதல்

1543 ஆம் ஆண்டு வெசாலியஸ் என்னும் மருத்துவ அறிஞர் மனித உடற்கூற்றை விளக்கும் தமது பெருநூலைச் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் அச்சிட்டு வெளியிட்டார். படங்களில் தசைகள் மீதும் எலும்புகள் மீதும் சிறு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. எழுத்தைக் கண்டு, விளக்கத்தில் பெயரை அறியலாம். தாளில் வரைந்த படத்துக்கு அது போதும். எத்திசையிலும் வெட்டிப் பார்க்கக்கூடிய உடலொன்று கணனிக்குள் வந்துவிட்டால் எழுத்தை எங்கே பொறிப்பது?

அத்தகைய உடல் 1994 நவம்பரில் வந்தது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்துக்காகக் கொலறாடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டர் ஸ்பிற்சர், டேவிட் விற்லொக் ஆகியோர் ஆணுடல் ஒன்றை உறையவைத்து, ஒவ்வொரு மில்லிமீற்றராகச் சீவி நீக்கி, வெளிப்பட்ட பரப்பையெல்லாம் படம் பிடித்தனர். மொத்தம் 1,871 படங்கள். உடல் துகளாகிப் போயிற்று, படங்களே எஞ்சின.

அவ்வுடலுக்குரியவர் ஜோசப் போல் ஜேர்னிகன். கொலைக் குற்றத்துக்காக 1993 ஓகஸ்ட் 5 ஆம் திகதி ரெக்சாஸ் மாநிலத்தில் நச்சூசி ஏற்றி மரணதண்டனை நிறைவேற்றப்பட்டவர். தமது உடலை மருத்துவ அறிவியலுக்கு வழங்க அவர் இசைந்திருந்தார். தூக்குமேடைக்கு ஒப்பான ஓரிடத்தில் காத்திருப்பவரின் இசைவு எவ்வளவு சுதந்திரமானது என அறவியலாளர் வினவினர், வினவ வேண்டியதே. திட்டத்தினர் அவரது பெயரை வெளியிடவில்லை. செய்தியாளர்களே அதனைக் கண்டறிந்தனர்.

உறுப்புகளின் பெயர்களைக் கண்டறிவதோ வேறு வகையான உழைப்பு. கணனிக்கு ஈரலும் இதயமும் வெறும் நிறப்புள்ளிகளே. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் கார்ல் ஹைன்ஸ் ஹோன என்பவரின் குழுவினர் தமது 'வொக்செல் மான்' தொகுதியில், ஒவ்வொரு முப்பரிமாணப் புள்ளிக்கும் அது எவ்வுறுப்பைச் சேர்ந்தது என்ற குறிப்பை இணைத்தனர். எங்கே வெட்டினாலும் சுட்டிய புள்ளி தன் பெயரைச் சொல்லும். பெயரைக் கேட்டால் உறுப்பு தனித்தெழும். பெயர்ப்பட்டியல் மட்டும் போதாது. 'இதயம்' என்று தேடுபவருக்குச் சோணையறைகளும் வால்வுகளும் கிடைக்க வேண்டுமாயின், அவை இதயத்தின் பகுதிகள் என்பதும் கணனிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வுறவுகளை விரிவாக வகுத்தவர்கள் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தின் கோர்னீலியஸ் றோஸ் குழுவினர்.

இத்தனைக்குப் பின்னும் ஜேர்னிகனின் உடலில் குடல்வாலைத் தேடுபவருக்கு அது கிட்டாது. உயிரோடிருந்தபோதே அது அகற்றப்பட்டிருந்தது. 1995 இல் வெளியான பெண்ணுடல், மாரடைப்பால் இறந்த 59 வயதுப் பெண்மணியுடையது. மூன்றிலொரு மில்லிமீற்றர் இடைவெளியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். மகப்பேற்று வயதுக் கருப்பையை அங்கே காணவியலாது. 2000 ஆம் ஆண்டின் பின் தென்கொரியாவும் சீனாவும் தத்தம் மக்களின் உடல்களைக் கொண்டு இத்தகைய தொகுதிகளை ஆக்கத் தொடங்கின.