மாற்றிப் படித்த கடிதம்

திரைப்படத்தைப் பற்றி நாம் எழுதப் புகுவது இவ்விதழின் நேயர்களுள் சிலருக்கு வியப்பையும் சிலருக்குச் சற்றே வருத்தத்தையும் தரக்கூடும். சினிமாக் கொட்டகையின் வாயிலை மிதியாமலே வளர்ந்தவர்கள் நாம். நடிப்பைப் பற்றியோ ஒளிப்பதிவைப் பற்றியோ தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஆயினும், ஒரு செய்தி ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குச் செல்லும்போது என்ன ஆகிறது என்பதை ஆராய்வது நம் மதரஸாக்களில் பன்னூற்றாண்டுகளாகப் பயிலப்படும் கல்வியாகும். அந்தக் கண்கொண்டே பேசும்படக் காலத்தின் தொடக்கத்தில் வெளிவந்த இரண்டொரு படங்களை இங்கே நோக்குகிறோம்.

1931 ஏப்ரலில் அமெரிக்காவில் ‘டிரிஜிபிள்’ என்றொரு படம் வெளியாயிற்று. ஆகாயக் கப்பல் என்பது அச்சொல்லின் பொருள். கொலம்பியா நிறுவனத்தார் தயாரித்த அப்படத்தை இயக்கியவர் ஃபிராங்க் காப்ரா. சிசிலித் தீவில் 1897இல் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர் அவர். கதை எழுதியவர் ஃபிராங்க் வீட் என்னும் முன்னாள் கடற்படை விமானி.

கதை சுருக்கமாக இது. கடற்படையில் இரு நண்பர்கள். ஒருவர் ஆகாயக் கப்பலின் தலைவர். மற்றவர் புகழ்வேட்கை மிக்க விமானி. விமானி தென் துருவத்திற்குப் புறப்படுகையில், அவருடைய புறக்கணிப்பால் மனம் சலித்த மனைவி உறையிட்டு ஒட்டிய கடிதமொன்றைக் கொடுத்து, துருவத்தை அடைந்ததும் பிரித்துப் படிக்கச் சொல்கிறாள். துருவத்தில் இறங்க முயன்ற விமானம் நொறுங்குகிறது. பயணத் தலைவர் மாண்டுபோகிறார். பனியின் வெண்மையால் விமானியின் பார்வை மங்கிவிடுகிறது. ஆகாயக் கப்பலில் வந்து அவரை மீட்கும் நண்பரிடம் அவர் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அதில் எழுதியிருப்பதோ மணவிலக்கு வேண்டும் என்பது. அந்த நண்பரையே மணக்கப் போகிறேன் என்பது. நண்பர் அதை உள்ளபடி படிக்கவில்லை. அன்பு ததும்பும் சொற்களைத் தாமாகவே புனைந்து, கடிதத்தில் இருப்பனபோல் படித்துக் காட்டுகிறார்.

பிரிந்த இருவரைச் சேர்த்துவைக்கும் பொருட்டுக் கூறப்படும் நல்வார்த்தை பொய்யாகாது என்பதற்கு நம் மார்க்கத்தில் ஆதாரம் உண்டு. ஆகவே அந்த நண்பர் மீது நாம் குற்றம் சுமத்தப் போவதில்லை. நாம் சொல்ல வருவது வேறு. அந்தப் படமே அவ்வாறு மாற்றிப் படிக்கப்பட்ட ஒரு கடிதந்தான். மூலக் கடிதம் 1928இல் வட துருவப் பனியில் எழுதப்பட்டது.

இத்தாலிய தளபதி உம்பர்ட்டோ நோபிலே, ஆகாயக் கப்பல்களை வடிவமைப்பதிலும் செலுத்துவதிலும் வல்லவர். 1926 மே 12ஆம் நாள், நார்வே நாட்டின் ரோல்டு அமுண்ட்சென், அமெரிக்கரான லிங்கன் எல்ஸ்வொர்த் ஆகியோருடன் ‘நோர்கே’ என்ற ஆகாயக் கப்பலில் வட துருவத்தின் மேல் பறந்தவர். அந்தப் பயணத்தின் புகழ் யாருக்கு என்பதில் அமுண்ட்செனுக்கும் அவருக்கும் பெரும் பூசல் மூண்டது. பிறகு 1928இல் ‘இத்தாலியா’ என்னும் கப்பலில் அவர் தனியே புறப்பட்டார். மே 24ஆம் நாள் துருவத்தின் மேல் வட்டமிட்டு, பலத்த காற்றினால் இறங்க இயலாமல், கொடியையும் போப்பாண்டவர் கொடுத்த சிலுவையையும் கீழே இட்டுத் திரும்பினார். மறுநாள் முற்பகலில் கப்பல் கட்டுக்கடங்காமல் தாழ்ந்து பனிப்பரப்பில் மோதிற்று.

கப்பலில் இருந்தோர் 16 பேர். கீழறை உடைந்து பத்துப் பேர் பனியில் சிதறினர். அவர்களுள் ஒருவர் அப்போதே இறந்தார். சுமை குறைந்த வாயுக்கூடு மீண்டும் மேலெழுந்து எஞ்சிய ஆறு பேரையும் சுமந்து சென்றுவிட்டது. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றளவும் எவருக்கும் தெரியாது. நோபிலேயின் கையும் காலும் முறிந்திருந்தன. கப்பலிலிருந்து விழுந்த பொருள்களிடையே ஒரு கூடாரமும் சிறிய கம்பியில்லாத் தந்திக் கருவியும் கிடைத்தன. தொலைவிலிருந்து தெரியும்படி கூடாரத்துக்குச் சிவப்புச் சாயம் தடவினார்கள். தந்திக்காரர் பியாஜி நாள் தவறாமல் அபயக்குரல் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஜூன் 3ஆம் நாள், ரஷ்யாவின் சிற்றூர் ஒன்றில் பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்திருந்த ஓர் இளைஞர் அதைக் கேட்டார்.

செய்தி அறிந்த அமுண்ட்சென், பழைய பகையைப் பாராமல் தேடப் புறப்பட்டார். ஜூன் 18ஆம் நாள் ஆறு பேருடன் கிளம்பிய அந்தப் பிரெஞ்சு விமானம் திரும்பவே இல்லை. விமானத்தின் மிதவை ஒன்று பின்னர் அலைகளில் அகப்பட்டது. தென் துருவத்தை முதன்முதல் அடைந்த மனிதரின் முடிவு, தம்மோடு சண்டையிட்டவரைத் தேடிச் சென்ற வழியிலே நேர்ந்தது.

ஜூன் 23ஆம் நாள் இரவு, லுண்ட்போர்க் என்ற சுவீடன் விமானி கூடாரத்தருகே இறங்கினார். இரவென்று நாம் சொல்வது பெயரளவில்தான். அங்கே அது ஞாயிறு மறையாத பருவம். ஹிஜ்ரி 309இல் பக்தாதிலிருந்து கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவில் வோல்கா ஆற்றங்கரைப் புல்கார் நாட்டுக்குச் சென்ற இப்னு ஃபள்லான், துருவத்துக்கு வெகு தெற்கேயுள்ள அந்நாட்டிலேயே கோடை இரவு எவ்வளவு குறுகியது என்பதை எழுதிவைத்திருக்கிறார். சுபுஹுத் தொழுகை தவறிவிடுமோ என்னும் அச்சத்தால் ஒரு திங்களாக இரவில் உறங்கவில்லை என்று அங்கிருந்த மோதினார் அவரிடம் சொன்னாராம். இச்செய்தியை நாம் மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் முகத்தில் தோன்றும் மலைப்பே தனி. நிற்க.

லுண்ட்போர்க்கின் விமானத்தில் ஒருவரைத்தான் ஏற்றிக்கொள்ள முடியும். மிகுதியாகக் காயமுற்ற செச்சியோனியை முதலில் கொண்டுபோங்கள் என்றார் நோபிலே. அவர் உடல் பருமனானவர். முதலில் தலைவரையே கொண்டுவர வேண்டும், மீட்புப் பணியை அவரே வழிநடத்த வேண்டும் என்பது தமக்கு இடப்பட்ட கட்டளை என்று லுண்ட்போர்க் கூறியதாக நோபிலே பின்னர் எழுதினார். எப்படியோ, தலைவர் முதலாமவராக ஏறினார். அவருடைய நாய்க்குட்டி டிட்டினாவும் உடன் ஏறிற்று. அடுத்தவரை ஏற்ற வந்த லுண்ட்போர்க்கின் விமானம் குப்புறக் கவிழ்ந்தது. மீட்க வந்தவரே கூடாரத்தில் சிறைப்பட்டார். பின்னர் வேறொரு சுவீடன் விமானி அவரை மட்டும் மீட்டுச் சென்றார். கூடாரத்திலிருந்த மற்ற ஐவரையும், நடந்தே உதவி தேடிப் போன மூவருள் உயிரோடிருந்த இருவரையும் ஜூலை 12ஆம் நாள் ‘கிராசின்’ என்ற சோவியத் பனியுடைப்புக் கப்பல் காப்பாற்றியது. மூன்றாமவர் சுவீடன் நாட்டு அறிஞர் மால்ம்கிரென். நடக்க இயலாத அவர் பனியிலேயே விடப்பட்டு இறந்தார்.

தன் ஆட்களை விட்டுவிட்டு முதலில் தப்பிய தலைவர் என்று உலகப் பத்திரிகைகள் நோபிலேயைத் தூற்றின. முசோலினி அரசு அமைத்த விசாரணைக் குழு 1929இல் பழி முழுவதையும் அவர் தலையில் ஏற்றியது. அவர் பதவி துறந்தார்.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அமெரிக்காவில் ‘தி லாஸ்ட் ஜெப்பெலின்’ என்ற பேசும்படம் வந்துவிட்டது. அதிலும் ஆகாயக் கப்பல் துருவப் பனியில் வீழ்கிறது. அதிலும் ஒரேயொருவருக்கு மட்டும் இடமுள்ள மீட்பு விமானம் வருகிறது. ஆனால் அப்படத்தின் தலைவர் தாம் ஏறாமல், தம் மனைவியின் மனத்தைக் கவர்ந்த துணைவரையே ஏற்றி அனுப்புகிறார்! அவரும் முடிவில் காப்பாற்றப்படுகிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகையில் அமர்ந்து கைதட்டிய மக்கள், அதே சோதனையில் உண்மையாகவே அகப்பட்டு, முறிந்த காலோடு தூக்கி ஏற்றப்பட்ட மனிதரைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? படம் அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே தீர்ப்பளித்தது.

‘டிரிஜிபிள்’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. வட துருவம் தென் துருவமாயிற்று. அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கரான பேர்ட் 1929 நவம்பரில் விமானத்தில் தென் துருவத்தின் மேல் பறந்திருந்தார். அப்பயணத்தில் எடுத்த மெய்ப்படம் 1930இல் ஊரெங்கும் ஓடியது. துருவத்தில் அழிந்தது ஆகாயக் கப்பல், காக்க முயன்றது விமானம் என்பது வரலாறு. படத்தில் அழிவது விமானம், காப்பது ஆகாயக் கப்பல். தென் துருவத்தை எந்த ஆகாயக் கப்பலும் ஒருபோதும் எட்டியதில்லை என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

அந்தத் தென் துருவம் இருந்த இடம் கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த வெயில் கொளுத்தும் சமவெளி. பனிக்குப் பதிலாகப் பரப்பியது வெளுக்கப்பட்ட சோள அவல். கம்பளி உடையில் வியர்வை வழிய நின்ற நடிகர்களின் மூச்சுக்காற்று ஆவியாய்த் தெரியவில்லையே என்று, கரியமில வாயுவை உறையவைத்த கட்டியைச் சிறு கூண்டிலிட்டு வாயில் அடக்கிக்கொள்ளச் செய்தாராம் காப்ரா. அறுபது வயதைக் கடந்த நடிகர் ஹோபார்ட் பாஸ்வொர்த் கூண்டு இடைஞ்சலாயிருக்கிறதென்று கட்டியை நேரே வாயிலிட்டுக்கொள்ள, அந்தக் கடுங்குளிர் வாயைப் புண்ணாக்கிப் பற்களையும் பறித்துவிட்டதாம். ‘ஆம்’ விகுதியை நாம் வேண்டுமென்றே சேர்க்கிறோம். இதைச் சொல்பவர் காப்ரா ஒருவரே. 1971இல் வந்த தம் தன்வரலாற்றில் சொல்கிறார். அந்நூலில் அவர் பலவற்றை மிகைப்படுத்தியிருப்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒற்றை அறிவிப்பாளர், அவரும் கதை சொல்வதைத் தொழிலாகக் கொண்டவர். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

எனினும் அப்படத்தை முற்றிலும் பொய்யென்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. நியூ ஜெர்சியிலுள்ள லேக்ஹர்ஸ்ட் கடற்படைத் தளத்தில் எடுத்த காட்சிகள் மெய்யானவை. அங்கே தோன்றும் ‘லாஸ் ஏஞ்சல்ஸ்’ என்னும் பெருங்கப்பல் பொம்மையன்று. முதல் உலகப்போர் இழப்பீட்டுக் கணக்கில் ஜெர்மானியர் கட்டி 1924இல் அமெரிக்காவுக்கு ஒப்படைத்தது. நூற்றுக்கணக்கான ஆட்கள் கயிறுகளைப் பற்றி இழுத்து, அந்த மலையொத்த உடலைக் கொட்டகையிலிருந்து வெளிக்கொணரும் காட்சியை இனி எவரும் நேரில் காணப்போவதில்லை. கதைக்காரர் பொய்த்த இடத்தில் கருவி சாட்சியாக நின்றது.

ஆகாயக் கப்பலே வருங்காலம் என்று அப்படம் முழங்கியதே, அதன் கதி என்ன? படம் வெளிவருவதற்கு ஆறு திங்களுக்கு முன்பே, 1930 அக்டோபர் 5ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட ‘ஆர் 101’ பிரான்சில் போவே நகரருகே விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் மாண்டனர். அதற்காக எகிப்தின் இஸ்மாயிலியாவில் கட்டுத்தூண் நாட்டப்பட்டிருந்தது. கராச்சியில் பிரம்மாண்டமான கொட்டகையே எழுப்பப்பட்டிருந்தது. அதில் தங்கவேண்டிய கப்பல் ஒருநாளும் வரவில்லை. படம் வந்து ஈராண்டில், 1933 ஏப்ரல் 4ஆம் நாள், லேக்ஹர்ஸ்ட்டிலிருந்து கிளம்பிய ‘ஆக்ரன்’ புயலில் சிக்கிக் கடலில் வீழ்ந்து 73 பேரைப் பலிகொண்டது. 1937 மே 6ஆம் நாள் ‘ஹிண்டன்பர்க்’ தீப்பற்றி விழுந்ததும் அதே லேக்ஹர்ஸ்ட்டில்தான்.

நோபிலே இவற்றுக்கெல்லாம் பிறகும் வாழ்ந்தார். 1931 ஜூலையில் ஜெர்மானியரின் ‘கிராஃப் ஜெப்பெலின்’ வடதுருவக் கடற்பகுதிக்குச் சென்று, பிரான்ஸ் ஜோசப் தீவுகளருகே நீரில் இறங்கி, ‘மாலிகின்’ என்ற சோவியத் கப்பலோடு தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, ஆபத்து ஏதுமின்றித் திரும்பியது. அந்த ‘மாலிகின்’ கப்பலில் பயணியாக வந்திருந்தவர் நோபிலே. படகில் நெருங்கி வந்து, ஆகாயக் கப்பலில் இருந்த தம் பழைய தோழர் எல்ஸ்வொர்த்தைக் கண்டு சில வார்த்தைகள் பேசினார். வாயுக்கூட்டோடு மறைந்த அறுவரின் சுவடு ஏதேனும் கிட்டுமா என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது அவருக்கு.

முசோலினி வீழ்ந்தபின் 1945இல் அவர்மீதிருந்த பழி நீக்கப்பட்டுப் பதவி திருப்பியளிக்கப்பட்டது. 1946இல் இத்தாலிய அரசியல் நிர்ணய சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1969இல் சோவியத் நாட்டாரும் இத்தாலியரும் சேர்ந்து ‘சிவப்புக் கூடாரம்’ என்று ஒரு படம் எடுத்தனர். முதுமையெய்திய நோபிலேயின் வீட்டுக்கு, இறந்துபோன அமுண்ட்செனும் மால்ம்கிரெனும் மற்றையோரும் ஆவிகளாய் வந்து, நீ ஏன் முதலில் ஏறினாய் என்று விசாரிப்பதாக அமைந்தது அது. அந்தக் கேள்விக்கு நடிகரின் வாயிலாக விடையும் எழுதித் தந்திருந்தார்கள். அப்போது நோபிலே ரோம் நகரில் 84 வயதில் உயிரோடிருந்தார். 1978 ஜூலையில் அங்கேயே இறந்தார். தம் தரப்பைப் பல நூல்களாக அவர் எழுதிவைத்திருக்கிறார். படத்தைப் பார்த்தோருள் அவற்றைப் படித்தோர் மிகச் சிலரே.