கணப்பின் கடிவாளம்

1883-ஆம் ஆண்டுக்கு முந்திய பனிக்காலங்களில், அமெரிக்காவின் விஸ்கான்சின் ராஜ்யத்திலுள்ள ஒயிட்வாட்டர் என்னும் சிற்றூரின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில், சேவகர் ஒருவர் ஏறத்தாழ மணிக்கொரு தரம் ஒவ்வொரு வகுப்பறையாகக் கதவைத் திறந்து நுழைந்து, உஷ்ணமானியைப் பார்த்து, எந்த அறை விறைத்துக் கிடக்கிறது, எந்த அறை புழுங்குகிறது என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டு, நிலவறைக்குப் படியிறங்கிப் போய், அங்கே எரியும் உலையிலிருந்து அந்தந்த அறைக்குச் சூடு செல்லும் வழிகளின் கதவுகளைத் திறந்தும் மூடியும் சரிசெய்துவிட்டு, மறுபடி படியேறி வரவேண்டியிருந்தது. அவர் நுழையுந்தோறும் பாடம் தடைப்படும். போன பின்பு பிள்ளைகளின் கவனத்தைத் திரட்டுவதற்குள் அடுத்த வருகைக்கு நேரமாகிவிடும். இந்த அவஸ்தையை நாள்தோறும் கண்ட உபாத்தியாயர்களில் ஒருவரான வாரன் ஜான்சன், அறையின் நிலையைச் சேவகர் இருக்கும் இடத்துக்கே மின்சாரத்தின் மூலம் தெரிவிக்கும் கருவி ஒன்றை யோசித்து அமைத்து, 1883-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அறையிலுள்ள உலோகத் தகடு குளிரில் வளைந்து தந்திமுனையைத் தொட்டதும் நிலவறையில் சமிக்ஞை எழும். சேவகர் இருந்த இடத்திலிருந்தே காற்றுக்கதவைத் திறப்பார். இரண்டாண்டுகளில் ஜான்சன் மில்வாக்கி நகரத்தில் கம்பெனி ஒன்றைத் தோற்றுவித்து, சேவகர் கையால் செய்த அந்தக் கடைசிக் காரியத்தையும் அமுக்கப்பட்ட காற்றின் பலத்தால் யந்திரமே செய்யும்படி ஆக்கத் தலைப்பட்டார்.

இன்று கைப்பேசியில் விரலை நகர்த்தி, நூறு மைலுக்கு அப்பாலிருக்கும் வீட்டின் கணப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறவர்கள், தங்கள் சௌகரியத்தின் வம்சாவளியைத் தேடினால், அந்தச் சேவகரின் படிக்கட்டில்தான் கொண்டுபோய்விடும். நெருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது மனித சமூகத்தின் மிகப் பழைய நியதிகளில் ஒன்று. அந்த ஆளை விடுவித்த உபகாரத்துக்காகவே நான் தெர்மோஸ்டாட் என்னும் அந்தச் சிறு கருவியை மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஆளை விடுவித்த கருவியின் கடிவாளம் பிறகு யார் கைக்குப் போயிற்று என்பதையும் சரித்திரத்தை எழுதுகிறவன் கவனித்துச் சொல்லவேண்டும்.

ஜான்சனுக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த யோசனை ஒருவருக்கு உதித்திருந்தது. ஹாலந்து தேசத்தின் அல்க்மார் நகரில் 1572-இல் பிறந்து, இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆதரவைப் பெற்று, தேம்ஸ் நதியில் நீருக்கடியில் செல்லும் படகையும் ஓட்டிக் காட்டிய கொர்னேலிஸ் திரெபெல் என்பவர், அடைகாக்கும் கோழியின் துணையின்றி முட்டைகளைப் பொரிக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார். கண்ணாடிக் கலமொன்றில் சாராயத்தை அடைத்து, அதன் குழாயில் பாதரசத்தை நிறுத்தி, பாதரசத்தின்மேல் ஒரு கம்பியை மிதக்கவிட்டார். பெட்டி அளவுக்கு மீறிச் சூடானால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் கம்பியை உயர்த்தும். கம்பி, அடுப்பின் காற்றுவழியை மூடும். சூடு தணிந்தால் எல்லாம் எதிர்வரிசையில் நடந்து காற்றுவழி திறக்கும். நெருப்பு தன் வேகத்தைத் தானே அறிந்து தானே அடங்கும்படி செய்த இந்த ஏற்பாட்டின் அழகை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. அதைச் செய்தவரோ கடைசிக் காலத்தில் லண்டனில் மதுக்கடை வைத்துப் பிழைத்து, 1633-இல் வறியவராகவே இறந்துபோனார். பின்வந்தவர்களில் பிரான்சு தேசத்து பொன்மெய்ன் என்பவரும் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோழிக்குஞ்சு பொரிப்பதற்காகவே உஷ்ணத்தை ஆளும் கருவியைச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. மனிதனுடைய அறைக்கு வருமுன் இந்தச் சாஸ்திரம் முட்டைகளுக்குத்தான் பணிபுரிந்திருக்கிறது.

திரவத்தின் இடத்தை உலோகம் பிடித்துக்கொண்டது அடுத்த கட்டம். பித்தளையும் எஃகும் ஒரே சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. பித்தளை, எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளும். ஆகையால் இரண்டின் மெல்லிய தகடுகளையும் முதுகோடு முதுகாகப் பிணைத்துவிட்டால், சூடு ஏறுந்தோறும் பித்தளை நீள முயல, எஃகு இழுத்துப் பிடிக்க, தகடு ஒருபக்கமாக வளைந்து கொடுக்கும். கடலில் தீர்க்கரேகை காண்பதற்கான கடிகாரத்தைச் செய்வதில் வாழ்நாளையே செலவிட்ட ஜான் ஹாரிசன், பருவத்துக்குப் பருவம் மாறும் உஷ்ணத்தால் கடிகாரம் பிசகாதிருக்க இந்த இரட்டைத் தகட்டைத் தம் மூன்றாவது கடிகாரத்தில் கையாண்டார். ஸ்காத்லாந்து ரசாயன சாஸ்திரியான ஆண்ட்ரூ யூர் 1830-இல் அதைக் கொண்டு உஷ்ணத்தை நிலைநிறுத்தும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றபோது, சூட்டையும் நிற்றலையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துத் தெர்மோஸ்டாட் என்று அதற்குப் பெயரிட்டார்.

வீட்டுக்குள் இந்தக் கருவி நுழைந்தது மின்னியாபொலிஸ் நகரத்தில். அங்கே பனிக்காலத்தில் நிலக்கரி உலை அணைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இரவில் படுக்கப்போகுமுன் தணலைச் சாம்பலால் மூடி, விடிகாலையில் எழுந்து சாம்பலைக் கிளறி, காற்றுக்கதவைத் திறந்து நெருப்பை மூட்டவேண்டியது அந்நாளைய குடும்பஸ்தர்களின் நித்திய கர்மம். நம் பாட்டிமார் அடுப்பில் நீறு பூத்த நெருப்பை மறுநாள் காலைக்கு வைத்துக் காத்த அதே வித்தைதான். அங்கே விடியற்காலையின் உறைபனியில் அதைச் செய்யவேண்டியிருந்தது என்பதே வித்தியாசம். சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் 1885-இல், அறை குளிர்ந்ததும் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் மின்சாரச் சுற்றைக் கூட்டி, ஒரு சிறு பொறியின் தடையை விலக்கி, அதன் சுழல்தண்டு அரைச் சுற்றுச் சுற்றி, சங்கிலியால் உலையின் காற்றுக்கதவைத் தூக்கும்படியான ஏற்பாட்டைச் செய்தார். அவருடைய கம்பெனி கைமாறிக் கைமாறிப் பெயர் மாறி, 1906-இல் கடிகாரம் பொருத்திய தெர்மோஸ்டாட்டை விற்கத் தொடங்கியது. இரவில் தானே சூட்டைத் தாழ்த்தி, வீட்டார் கண் விழிக்குமுன் தானே உயர்த்தும் அந்தக் கடிகாரம் கோடிக்கணக்கான விடியல்களின் சிரமத்தைத் தீர்த்தது. இண்டியானா ராஜ்யத்தில் மார்க் ஹனிவெல் நடத்திய கம்பெனியோடு 1927-இல் அது இணைந்ததிலிருந்து ஹனிவெல் என்ற பெயரே நிலைத்தது.

அந்தக் கம்பெனி 1953-இல் வெளியிட்ட வட்டமான தெர்மோஸ்டாட்டை, டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய உறவினர் ஒருவருடைய பழைய வீட்டில், ஒரு தை மாதத்தில் நான் அருகிருந்து பார்த்தேன். தொலைபேசிக் கருவிகளுக்கு வடிவம் வகுத்த ஹென்ரி டிரைபஸ் என்ற கலைஞரே இதற்கும் வடிவம் வகுத்தவர். வட்டத்தைச் சுவரில் கோணலாக மாட்ட முடியாது என்பதும், மேல்மூடியைக் கழற்றிச் சுவரின் நிறத்தையே அதற்கும் பூசிக்கொள்ளலாம் என்பதும் அந்த வடிவத்தின் சிறப்புகள். உறவினர் மூடியை இழுத்துக் கழற்றினார். உள்ளே, கடிகாரச் சுருள்வில்லைப் போன்ற இரட்டை உலோகச் சுருள். அதன் தலையில் கட்டைவிரல் நகமளவே உள்ள ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் ஒரு துளிப் பாதரசம். பார்த்துக்கொண்டு நின்ற அவருடைய தாயார், "தம்பி, உதை ஒருக்காத் திருப்புங்கோ, கீழை சத்தம் கேக்கும்" என்றார்கள். நான் வளையத்தை ஒரு விரலிடை திருப்பினேன். குமிழ் சாய்ந்தது, பாதரசம் வெள்ளி முத்தாக உருண்டு மறுகோடிக்குப் போய் இரண்டு கம்பிகளையும் நனைத்து நின்றது, மறுகணம் நிலவறையில் உலை பெருமூச்சு விட்டதுபோல் எரியத் தொடங்கியது. குமிழின் அடியில் மயிரிழை போன்ற இன்னொரு கம்பியையும் அவர் காட்டினார். உலை எரியும் நேரமெல்லாம் அது சுருளுக்குச் சிறிது சூடு கொடுத்துக்கொண்டேயிருக்கும்; அதனால் அறை முழுச் சூட்டை எட்டுவதற்குச் சற்று முன்பே சுருள் ஏமாந்து உலையை அணைத்துவிட, இரும்பில் எஞ்சிய சூடே மிச்சத்தை நிரப்பும். கொதிக்குமுன் அடுப்பிலிருந்து பாலை இறக்கிவைக்கும் பெண்மணியின் முன்யோசனையை ஒரு கம்பிக்குக் கற்பித்துவிட்டார்கள்!

இந்த வட்டத்தின் முள்ளைப் பற்றி ஒரு நாட்டின் அதிபதியே குடிமக்களிடம் பேச நேர்ந்தது. 1976-77 பனிக்காலத்தில் குளிர் கடுமையாக இருந்து, இயற்கை எரிவாயுவும் தட்டுப்பட்டபோது, பதவியேற்று இரண்டு வாரமே ஆன அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், 1977 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, கம்பளிச் சட்டையணிந்து கணப்பின் அருகே அமர்ந்து, பகலில் 65 டிகிரி பாரன்ஹீட்டுக்கும் இரவில் 55 டிகிரிக்கும் மேற்படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று தொலைக்காட்சியில் வேண்டிக்கொண்டார். இரண்டாண்டு கழித்து, குடியிருப்பு அல்லாத கட்டடங்களில் பனிக்காலத்தில் 65-க்கு மேலும் கோடையில் 78-க்குக் கீழும் போகலாகாது என்று சட்டமே வந்தது. வேண்டுகோளாயினும் சட்டமாயினும் முள்ளைத் திருப்பவேண்டியது வீட்டாருடைய, கட்டடத்தாருடைய கையாகவே இருந்தது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

பிறகு எண்களும் பொத்தான்களும் கொண்ட மின்னணுத் தெர்மோஸ்டாட்டுகள் வந்தன. வாரத்தின் ஏழு நாளுக்கும் தனித்தனியே நேரம் குறிக்கலாம் என்றார்கள்; குறித்துவைக்கும் முறையோ பலருக்குப் பிடிபடவில்லை. மின்சிக்கன முத்திரை வழங்கும் அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம், ஜனங்கள் இவற்றைச் சரியாகப் பயன்படுத்தாமையால் எதிர்பார்த்த மிச்சம் கிட்டவில்லை என்று கண்டு, 2009-ஆம் ஆண்டின் முடிவோடு அந்த முத்திரையை நிறுத்திக்கொண்டது. இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்டு டொராண்டோவில் 2007-இல் ஈகோபீ கம்பெனி தொடங்கப்பட்டது. ஆப்பிள் கம்பெனியில் பணிபுரிந்து விலகிய டோனி ஃபாடெல், மாட் ரோஜர்ஸ் ஆகிய இருவர் 2011 அக்டோபரில் வெளியிட்ட நெஸ்ட் என்ற கருவியோ வீட்டாரின் பழக்கத்தை ஒரு வாரம் கவனித்துத் தானே கற்றுக்கொண்டது, வீட்டில் ஆளில்லாத நேரத்தை உணர்ந்து தானே தாழ்த்திக்கொண்டது, கைப்பேசிக்குக் கீழ்ப்படிந்தது. வடிவத்தில் மட்டும் அது பழைய வட்டமாகவே இருந்தது. வளையத்தைக் கையால் திருப்பவும் இயன்றது. 2014-இல் 320 கோடி டாலருக்குக் கூகிள் அந்தக் கம்பெனியை வாங்கியபோதுதான், சுவரிலுள்ள ஒரு முள்ளுக்கு இத்தனை மதிப்பா என்று உலகம் திரும்பிப் பார்த்தது.

சௌகரியம் மெய்யானதே. நம்மூரில் ஜன்னல் ஏசியின் திருகில் டிகிரிக் கணக்கின்றி வெறும் எண்களே இருந்த காலத்தை நாம் அறிவோம். திருகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய செம்புக்குழாயும் அதன் நுனியில் வாயு அடைத்த குமிழும் இருக்கும்; அந்த வாயு விரிவதும் சுருங்குவதுமே யந்திரத்தை நிறுத்தி ஓட்டும். திரெபெல் சாராயத்தால் செய்ததைத்தான் நாம் நம் படுக்கையறையில் வைத்திருந்தோம். 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகளெல்லாம் 24 டிகிரியில்தான் தொடங்கவேண்டும் என்று இந்திய அரசு விதித்திருப்பதை நான் வரவேற்கிறேன். ஏனெனில் வேண்டுவோர் ரிமோட்டை எடுத்து அதை மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றிக்கொள்ள இயலாதபோதுதான் மனம் கலங்குகிறது. 2015 டிசம்பரில் நெஸ்ட் கருவிகளுக்கு அனுப்பப்பட்ட ஒரு மென்பொருளின் பிழையால் 2016 ஜனவரியில் அவற்றின் மின்கலம் வடிந்துபோய், கடுங்குளிரில் பல வீடுகளில் கணப்பு அணைந்தது. 2021 ஜூனில் டெக்சாஸ் ராஜ்யத்தில் மின்சாரம் நெருக்கடிக்குள்ளானபோது, ஒரு சலுகைத் திட்டத்தில் சேர்ந்ததையே மறந்துவிட்ட சில குடும்பத்தார், பிற்பகல் வெயிலில் தங்கள் வீட்டுத் தெர்மோஸ்டாட் தொலைவிலிருந்து உயர்த்தப்பட்டதை வியர்வையில்தான் அறிந்துகொண்டார்கள். பொதுநன்மைக்காகச் சிறிது வியர்ப்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். கார்ட்டரைப்போல் முன்னால் வந்து கேட்டிருக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

ஸ்கார்பரோ வீட்டிலும் பாதரசக் குமிழ் போய்விட்டது. பாதரசம் நஞ்சாதலால் அதை முறைப்படி ஒப்படைத்துவிட்டு, உறவினர் கைப்பேசிக்குக் கட்டுப்படும் கருவியொன்றை மாட்டியிருக்கிறார். பேரப்பிள்ளைகள் விளையாட்டாகத் திருப்பிவிடாதிருக்க அதற்கு ரகசிய எண்ணால் பூட்டும் போட்டிருக்கிறார். சென்ற முறை நான் அங்கே தங்கியிருந்தபோது, பகலில் குளிரெடுத்தால் தாயார் வேலைத்தலத்திலிருக்கும் மகனைத் தொலைபேசியில் அழைத்து, "மோனை, கொஞ்சம் கூட்டிவிடு" என்று சொல்வார்கள். அவர் முப்பது மைல் தூரத்தில் கூட்டத்தின் நடுவே எழுந்து வெளியே வந்து கூட்டிவிடுவார். ஒயிட்வாட்டர் பள்ளியின் வகுப்பறையிலிருந்து நிலவறைக்கு எழுந்த சமிக்ஞை அப்போது என் நினைவுக்கு வந்தது. அன்று மாலை நான் வற்புறுத்திச் சொன்னதன்பேரில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்.

2025 அக்டோபர் 25-ஆம் தேதியோடு, 2011-இலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் வெளிவந்த முதலிரண்டு தலைமுறை நெஸ்ட் கருவிகளுக்குத் தரும் ஆதரவைக் கூகிள் நிறுத்திக்கொண்டது. கைப்பேசிக்கும் அவற்றுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. ஆனால் சுவரிலிருந்த கருவிகள் அணைந்துபோகவில்லை. அவற்றை வைத்திருந்தவர்கள், குளிர் உறைக்கும்போது எழுந்து சுவரருகே போய், வளையத்தைக் கையால் திருப்பினார்கள். கீழே உலை எரிந்தது.