மக்கள் குரலால் வழங்கிய காசு

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் பலருக்கும் ஓர் அனுபவம் நினைவிருக்கும். கடையில் சாமான் வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறைக்குக் கை நீட்டுவோம்; சில்லறை இல்லையென்று கடைக்காரர் ஒரு மிட்டாயை எடுத்து வைப்பார். அந்த மிட்டாய் அடுத்த கடையில் செல்லாது. மறுநாள் அதே கடையிலும் செல்லாது. நமக்குச் சிறு தொல்லையாக இருந்த இச்சில்லறைப் பஞ்சம், பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்து மக்களைப் பன்முறை வாட்டி வதைத்தது. அப்பஞ்சத்தில் பிறந்த செப்புக் காசுகளையே இன்று நாணயம் சேகரிப்போர் ஆவலுடன் தேடுகின்றனர்.

அக்காலத்தில் டப்ளின் நகரில் அயர்லாந்துக்கென ஒரு பாராளுமன்றம் இருந்தது. ஆனால் அரசாங்க நாணயசாலை இல்லை. ஆங்கில அரசரே அயர்லாந்துக்கும் அரசராதலால், செப்புக் காசு வேண்டுமாயின் லண்டன் மனம் வைக்க வேண்டும். கணக்கு முறையும் தனி. ஆங்கில ஷில்லிங் ஒன்று இங்கிலாந்தில் 12 பென்ஸ்; அயர்லாந்திலோ 13 பென்ஸ். இவ்வழக்கம் 1826 வரை நீடித்தது. லண்டன் மனம் வையாத ஆண்டுகளில், கூலியாளுக்கு நாட்கூலி கொடுக்கவும், ஏழை ரொட்டி வாங்கவும் காசு அகப்படாமற்போயிற்று.

1722ஆம் ஆண்டில் லண்டன் மனம் வைத்தது. வைத்த விதந்தான் விபரீதமாய் முடிந்தது. முதலாம் ஜார்ஜ் மன்னரின் அன்புக்குரிய கெண்டல் சீமாட்டியின் செல்வாக்கால் கிட்டிய உரிமையை, வில்லியம் வுட் என்னும் ஆங்கில இரும்பு வணிகர் 10,000 பவுன் கொடுத்துப் பெற்றார். பதினான்கு ஆண்டுகளில் 360 டன் செம்பைக் கொண்டு, 1,00,800 பவுன் மதிப்புக்கு அரைப்பென்னிகளும் கால்பென்னிகளும் அவர் அடிக்கலாம். அயர்லாந்துப் பாராளுமன்றத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லண்டன் நாணயசாலையின் தலைவராயிருந்த ஐசக் நியூட்டன் 1724இல் காசுகளைச் சோதித்து, தரத்தில் குறையில்லை என்றார். ஆயினும் மக்கள் அவற்றைத் தொட மறுத்தனர். டப்ளினில் செயின்ட் பாட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருவாயிருந்த ஜோனதன் ஸ்விப்ட், துணி வணிகர் ஒருவர் எழுதுவது போன்று கடிதங்கள் எழுதி வெளியிட்டார். எழுதியவரைக் காட்டிக்கொடுப்போருக்கு 300 பவுன் பரிசு என்று அறிவிக்கப்பட்டது. ஆசிரியர் இன்னார் என்று ஊரே அறிந்திருந்தும், பரிசு பெற எவரும் முன்வரவில்லை. 1725இல் வுட் தம் உரிமையைத் துறந்தார்.

மன்னரின் சாசனமும் நல்ல செம்பும் இருந்தும் செல்லாமற்போன காசு அது. சாசனம் ஏதுமின்றிச் செலாவணியான காசு ஒன்றும் அந்நாட்டில் உண்டு. 1760இல் டப்ளினில் மீண்டும் சில்லறைத் தட்டுப்பாடு தலைதூக்கியபோது, ரோச் என்னும் பொத்தான் செய்பவர் அரைப்பென்னிகளை அடித்து வெளியிட்டார் என்பர். ஒரு புறம் வாகை சூடிய தலை. மறுபுறம் யாழருகே அமர்ந்த அயர்லாந்து அன்னை. தலையைச் சுற்றி மன்னரின் பெயருக்குப் பதிலாக, ‘மக்கள் குரலால்’ எனப் பொருள்படும் இரண்டு இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. சில காசுகளில் முகத்தின் எதிரே ‘பி’ என்னும் எழுத்து ஒன்றும் காணப்படுகிறது. நாடு கடந்து வாழ்ந்த ஸ்டூவர்ட் வமிசத்து உரிமைக்காரரை அது குறிக்கிறதோ என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுவர். இவ்வரிசையில் கால்பென்னிகளே கிடைத்தற்கரியவை.

1782க்குப் பின்னர் 1805 வரை அயர்லாந்துக்கு அரசாங்கச் செப்புக் காசு வரவேயில்லை. அவ்விடைவெளியில் சுரங்கக் கம்பெனிகள் தம் செம்பையே காசாக்கின. விக்லோ மாவட்டத்துக் குரோன்பேன் சுரங்கத்தாருக்காக, பர்மிங்காமை அடுத்த சோஹோவில் மாத்தியூ போல்ட்டன் என்பவர் அடித்துத் தந்த 1789ஆம் ஆண்டு அரைப்பென்னியில், மகுடம் அணிந்த ஆயர் ஒருவரின் தலை காணப்படும். காசின் விளிம்பில், குரோன்பேன் இல்லத்திலோ டப்ளினிலோ பணம் தரப்படும் என்ற உறுதிமொழி ஓடும். அதே சோஹோ ஆலையில்தான் பிற்பாடு, 1803இல், கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கென 20 காசு நாணயத்தை அடித்து வரவழைத்தது. அயர்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் கையிலும் சென்னைச் சந்தைக்காரரின் கையிலும் ஒரே ஆலையின் வேலைப்பாடு தவழ்ந்திருக்கிறது.

நல்ல காசு உள்ள இடத்தில் கள்ளக்காசும் தோன்றுமன்றோ! எடை குறைந்த போலிக் குரோன்பேன் காசுகள் ஏராளமாய்ப் புழங்கின. அவற்றைக் கம்பெனி ஏற்க மறுத்தால் நட்டம் ஏழையின் தலையில் விடிந்தது. இன்றோ அப்போலிகளையும் வகைப்படுத்திச் சேகரிக்கின்றனர். 1790களில் சேகரிக்கும் மோகம் ஓங்கவே, ஒரு காசின் முகத்தையும் மற்றொரு காசின் பின்புறத்தையும் இணைத்து, அருமையாகத் தோன்றவேண்டும் என்றே சிலர் காசடித்து விற்றனர். அக்குழப்பத்துக்கிடையே 1798இல் ஜேம்ஸ் காண்டர் என்பவர் ஓர் அட்டவணை வெளியிட்டார். ஸ்விப்ட் புனைந்துகொண்டது துணி வணிகர் வேடம். காண்டரோ இப்ஸ்விச் நகரத்து மெய்யான துணி வணிகர்! பின்னர் டால்ட்டன், ஹேமர் இருவரும் 1910 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட நூலின் எண்களே இன்றும் இக்காசுகளுக்கு அடையாளமாக வழங்குகின்றன.

இத்தகைய காசு ஒன்று கைக்கு வந்தால், முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். அடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். நம் வீட்டுச் செப்புக் குடத்தைத் துலக்குவது போலப் புளியிட்டுத் தேய்த்தல் ஆகவே ஆகாது. பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும். தேய்ந்த காசை இகழவும் வேண்டியதில்லை. புத்தம் புதிதாய் இருப்பது பெட்டியில் உறங்கிய காசு. தேய்ந்ததோ பலர் நம்பி வாங்கிய காசு.

1817ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் செப்புக் காசுகளுக்கு முடிவு கட்டியது. நம் மொழியில் ‘நாணயம்’ என்ற சொல் காசையும் குறிக்கும், வாக்குத் தவறாமையையும் குறிக்கும். வுட்டின் காசில் முன்னது இருந்தது. பின்னது இருப்பதாக அயர்லாந்து மக்கள் நம்பவில்லை. ஆகவேதான், நியூட்டனே நற்சான்று அளித்தும் அக்காசு செல்லவில்லை.