வீட்டிலிருந்து வந்த கடிதங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகரான ரிச்மண்டையும் அதன் தெற்கிலிருந்த பீட்டர்ஸ்பர்க்கையும் காத்து நின்ற ஜெனரல் ராபர்ட் லீயின் படை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்ததை முதலில் அறிந்தவர்கள் அவருடைய தலைமையக அலுவலர்களே. தளபதியின் ஆணைகளை எழுதி அனுப்புவதும், படைப்பிரிவுகளின் ஆள்கணக்கைத் தொகுப்பதும், வந்து குவியும் மனுக்களுக்கு விடையளிப்பதும் இவர்களின் வேலை. வால்டர் டெய்லர், சார்லஸ் மார்ஷல், சார்லஸ் வெனபிள் முதலான விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே லீயிடம் இருந்தனர். 1865 பிப்ரவரியில் அவர் அனைத்துப் படைகளுக்கும் தலைமைத் தளபதியான பின்னரும் அந்தச் சிறு குழுவே பெருஞ்சுமையைத் தாங்க வேண்டியிருந்தது.

ஜேம்ஸ் ஆற்றங்கரையில் சிட்டி பாயின்ட் என்னுமிடத்தில் இருந்த, வடக்குப் படைகளின் தளபதி யுலிசிஸ் கிராண்டின் தலைமையகமோ கப்பல்துறை, இருப்புப்பாதை, பெரிய மருத்துவமனை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 பேருக்கான ரொட்டியைச் சுட்ட அடுமனை ஆகியவை சூழ்ந்த ஒரு நகரமாகவே வளர்ந்திருந்தது.

எதிரணிக்கு இவ்வளவு உணவு கிடைக்க, லீயின் வீரர்கள் பசியில் வாடினர். ஆயினும் பசி மட்டுமே அப்படையைக் குலைத்தது என்று கொள்வது பொருந்தாது. பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஒரு மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 3,000 பேர் படையைவிட்டு ஓடினர். வட கரோலினா ஆளுநர் வான்ஸுக்குப் பிப்ரவரி 24 அன்று எழுதிய கடிதத்தில், ஊரில் பரவிய மனச்சோர்வும், திரும்பிவிடுமாறு உற்றார் எழுதும் கடிதங்களும் வீரர்களைக் கலைப்பதாக லீ முறையிட்டார். நிலத்தை உழ ஆளின்றி, மாவின் விலை எட்டாத உயரத்துக்குப் போக, பிள்ளைகளுக்கு உணவு தேட முடியாமல் தவித்த பெண்கள் எழுதிய அக்கடிதங்களைத் துரோகம் என்று பழிப்பது அநீதியாகும். தம்மைக் காக்க இயலாத அரசிடமிருந்து அவர்கள் தம் ஆடவரைத் திரும்பக் கேட்டார்கள் என்பதே உண்மை.

ஏப்ரல் 2 அன்று பீட்டர்ஸ்பர்க் அரண்வரிசை உடைந்தது. அன்றிரவு டெய்லர் லீயிடம் விடைபெற்று ரிச்மண்ட் சென்று, நள்ளிரவுக்குப் பின் திருமணம் முடித்து, பின்வாங்கும் படையோடு மீண்டும் சேர்ந்துகொண்டார். மறுநாள் ரிச்மண்டுக்குள் நுழைந்த வடக்குப் படையில் கறுப்பின வீரர்களும் இருந்தனர். ஏப்ரல் 4 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன் அந்நகரின் தெருக்களில் நடந்தபோது, அடிமைத்தளை நீங்கியோர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். தெற்கின் 'பொதுமக்கள் மனநிலை' சரிந்தது என்று எழுதும் நூல்கள் பல, அதே தெற்கில் வாழ்ந்த இம்மக்களின் மகிழ்ச்சியைக் கணக்கில் சேர்ப்பதில்லை; அது பெருங்குறை.

பின்வாங்கும் வழியில் அமீலியா கோர்ட் ஹவுஸில் எதிர்பார்த்த உணவு வந்து சேராததால் லீயின் படை மேலும் தளர்ந்து, ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டக்ஸில் சரணடைந்தது. கிராண்ட் எழுதிய நிபந்தனைகளைச் செனெகா இனத்தவரான ஈலி பார்க்கர் மையால் படியெடுக்க, லீயின் ஏற்புக் கடிதத்தை மார்ஷல் வரைந்தார். பட்டினி கிடந்த எதிரிக்கு 25,000 பேருக்கான உணவை அனுப்பக் கிராண்ட் இசைந்தார்.

ஏப்ரல் 20 அன்று லீ, கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸுக்கு எழுதிய கடிதத்தில், தம் படை இறுதி நாட்களில் முன்னைய உறுதியோடு போரிடவில்லை என ஒப்புக்கொண்டு, நாட்டில் நிலவிய மனநிலையும் வீரர்களுக்கு வீட்டிலிருந்து வந்த அழைப்புகளுமே அதற்குக் காரணமெனக் குறிப்பிட்டு, சிதறிய குழுக்களாகப் போரைத் தொடர்வதற்கு எதிராக அறிவுரை கூறினார்.